ராயபுரம் லேத்தும் எங்க வீட்டு மாஸியும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மடிப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எங்க நிலத்தைப் பார்க்க வந்திருந்தாங்க. இந்த வலைப்பூவைப் படிச்சுட்டு வர்றவங்கதான். வேர்க்கடலை பிடுங்கினாங்க, கிணத்துல கால் நனைச்சாங்க. அவங்க பையன் மட்டும் கொட்டகையில நிக்கிற டிராக்டர் மேல ஏறி உட்கார்ந்தவன் இறங்கவே இல்ல. "இதுக்கு என்ன வயசு அங்கிள்?"ன்னு கேட்டான். "என்னைவிட ரெண்டு வயசு பெரிசு"ன்னேன். நம்பல. அவன் அப்பா கேட்டார், "ஐயா, இவ்வளவு பழைய வண்டிக்கு இன்னும் ஸ்பேர் கிடைக்குதா?"

"பாதி கிடைக்கும், மீதியைச் செஞ்சுக்குவோம்."

"எங்கே, வீட்டுலயா?"

அவருக்கு அன்னைக்கு நான் சரியா பதில் சொல்லல. பால் கறக்கிற நேரம் ஆயிடுச்சு. அந்தப் பதிலை இங்கே எழுதறேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க டிராக்டர் சிவப்பு மாஸி ஃபெர்குசன். 1967ல செஞ்சது. எங்க நைனா அதை 1981ல செகண்ட் ஹேண்டா வாங்கினார். (மீஞ்சூர், பொன்னேரி பக்கம் அப்பாவை நைனான்னுதான் கூப்பிடுவோம்.) இந்த வண்டிக்கு எஞ்சின் சாமான் கிடைக்காதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் இன்னைக்கும் கடையில கிடைக்கும். அந்த அளவுக்கு அந்த எஞ்சின் நம்ம நாட்டுல பரவிக் கிடக்கு. கிடைக்காதது சின்னச் சின்னது. ஒரு புஷ், ஒரு பின், ஒரு பிராக்கெட், ஒரு நெம்புகோல். வண்டி நிக்கிறதும் பெரும்பாலும் இதுலதான்.

இந்தச் சின்ன சாமானை எல்லாம் கிராமத்துல செஞ்சுக்குற பழக்கம் எப்படி வந்துச்சு? தம்பியும் நானும் இதைப் பத்தி நிறைய பேசியிருக்கோம். எங்க முடிவு, அதுக்குக் காரணம் வடசென்னை.

முதல்ல நாட்டு நிலைமையைச் சொல்லிடறேன். சுதந்திரம் வந்த சமயத்துல இந்தியாவுல டிராக்டர் செய்யுற தொழிற்சாலை ஒண்ணுகூட கிடையாது. இரண்டாம் உலகப்போருக்காக அமெரிக்க ராணுவம் கொண்டுவந்து விட்டுட்டுப் போன வண்டிகளை வெச்சு மத்திய அரசு ஒரு டிராக்டர் அமைப்பையே நடத்துச்சு. மத்திய இந்தியாவுல காடா மண்டிக் கிடந்த கான்ஸ்னு ஒரு புல்லை வேரோட உழுது எடுக்கறதுதான் அதோட முக்கிய வேலை. 1949ல உலக வங்கி இந்தியாவுக்குக் கொடுத்த ரெண்டாவது கடனே இதுக்குத்தான். டிராக்டர் வாங்க 1 கோடி டாலர். முதல் கடன் அதுக்கு ஒரு மாசம் முன்னாடி ரயில்வேக்குக் கொடுத்தது. அப்புறம் மிராசுதாருங்க, எஸ்டேட்காரங்க சொந்தமா இறக்குமதி பண்ணாங்க. வண்டி கப்பல்ல வந்துடும். 1957ல அந்நியச் செலாவணி தட்டுப்பாடு வந்து இறக்குமதியை இறுக்கிப் பிடிச்சதும் சாமான் வர்றது கஷ்டமாப் போச்சு. லட்ச ரூபாய் வேலை செய்யுற வண்டி நாலணா புஷ் இல்லாம மரத்தடியில நின்னு கோழி அடையற இடமாயிடும். அப்படி நின்ன வண்டிங்களைப் பத்தி நைனா தலைமுறைக்காரங்க கதை கதையாச் சொல்வாங்க.

அப்போ ஒரே வழிதான் இருந்துச்சு. தேய்ஞ்சதைக் கழட்டி எடுத்துட்டுப் போய், அதே மாதிரி செய்யத் தெரிஞ்ச ஆளைக் கண்டுபிடிக்கணும். கோயம்புத்தூர் பக்கம் இருந்தவங்களுக்குப் பிரச்சினை இல்ல, மில்லும் மோட்டார் பட்டறையும் அங்கேயே இருந்துச்சு. எங்களுக்கு அது ராயபுரம்.

ராயபுரத்துல ஏன்னு கேட்டா, ரயிலும் துறைமுகமும்தான். தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல ராயபுரத்துல இருந்துதான் கிளம்புச்சு, வாலாஜா ரோடு வரைக்கும். அந்த ஸ்டேஷன் கட்டடம் இன்னும் தூணோட நிக்குது, அந்தப் பக்கம் போனா பாருங்க. பெரம்பூர் ரயில்வே பட்டறையும் அந்தக் காலத்துதான். ஒரு பக்கம் ரயில், இன்னொரு பக்கம் கப்பல். ரெண்டுக்கும் சாமான் சீமையிலிருந்து வர மாசக்கணக்காகும். அதனால இரும்பைக் கடைஞ்சு, வார்த்து, ராவி வேலை முடிக்கிற ஆளுங்க ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை சந்துகள்ல ரெண்டு மூணு தலைமுறையா இருந்தாங்க. டிராக்டர் வந்தப்ப அவங்களுக்கு அது இன்னொரு இரும்பு, அவ்வளவுதான்.

அதுக்கு மேல பெரிய கம்பெனிங்க வந்துச்சு. சின்ன வயசுல நைனாவோட மீஞ்சூர்ல ரயில் ஏறிப் போகும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொண்ணா எண்ணுவேன். எண்ணூர்ல அசோக் லேலண்ட். 1948ல ரகுநந்தன் சரண் தொடங்கினப்ப அது அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் ஏ-40 காரைப் பூட்டிக் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. லாரி எல்லாம் அப்புறம்தான். தாண்டினா விம்கோ நகர், தீப்பெட்டிக் கம்பெனி பேர்லயே ஸ்டேஷன். திருவொற்றியூர்ல புல்லட் மோட்டார் சைக்கிள் செய்யுற என்ஃபீல்டு, 1955ல வந்தது. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி தொடங்கின கார்போரண்டம் யுனிவர்சல், அதாவது சாணைக்கல் கம்பெனி. டயருக்குப் பேர்போன எம்.ஆர்.எஃப். 1946ல ஆரம்பிச்சதும் இதே திருவொற்றியூர்ல ஒரு கொட்டகையிலதான். கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்கே முதல்ல செஞ்சது பொம்மை பலூன். கொஞ்சம் உள்ளே தள்ளி பெரம்பூர் பக்கத்துல செம்பியம். சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் செஞ்ச இடம். 1960ல தொடங்கின டாஃபே, மாஸி டிராக்டரை செம்பியத்துலதான் செஞ்சுது.

கணக்குப் போட்டுப் பாருங்க. எங்க ஊருக்கும் எங்க டிராக்டர் பொறந்த இடத்துக்கும் நடுவுல ஒரு மணி நேர ரயில் பயணம்தான். இந்தக் கம்பெனிகள்ல அப்ரண்டிசா சேர்ந்து தொழில் கத்துக்கிட்டவங்க, ஷிப்ட் முடிஞ்சு வீட்டுத் திண்ணையில ஒரு லேத்து போட்டு ஓட்டினவங்க, ரிட்டயர் ஆகி வந்த பணத்துல பட்டறை வெச்சவங்கன்னு அந்தச் சந்துகள்ல கை நிறைய வேலை தெரிஞ்ச ஆளுங்க. கம்பெனிக்குள்ள இருந்த அறிவு இப்படித்தான் கேட்டைத் தாண்டி வெளியே வந்துச்சு. இதை எந்தப் புத்தகத்துலயும் யாரும் பெரிசா எழுதின மாதிரி தெரியல.

நாங்க போனது ஒரு மேஸ்திரியோட பட்டறைக்கு. அவர் அப்பா பெரம்பூர் ரயில்வேயில இருந்தவர். பத்தடிக்குப் பன்னெண்டடி இடம், கூரையில ஒரு உருளைத்தண்டு ஓடும், அதுலருந்து தோல் பட்டை இறங்கி லேத்தைச் சுத்தும். இங்கிலீஷ்காரன் காலத்து லேத்து. நைனா கோணிப்பையைப் பிரிச்சு தேய்ஞ்ச சாமானை வெப்பார். மேஸ்திரி அதைக் கையில எடுத்து ஆள்காட்டி விரலால உள்பக்கம் தடவிப் பார்த்துட்டு, "மண்ணு உங்களுது பொடி மணலு. அதான் இப்படித் தின்னிருக்கு"ன்னுவார். எந்த ஊர் மண்ணுன்னு சாமானைப் பார்த்தே சொல்ற மனுஷன்.

அவர்கிட்ட நான் கத்துக்கிட்ட முதல் பாடம், தேய்ஞ்ச இடத்தை அளக்கக் கூடாது. ஒரு புஷ்ஷைக் கழட்டினா நடுவுல தேய்ஞ்சிருக்கும், ஓரத்துல மட்டும் கொஞ்சம் பழைய அளவு மிச்சம் இருக்கும். அந்த ஓரத்தை அளக்கணும். அதுவும் போயிருந்தா அது உட்காரற ஓட்டையை அளந்து கணக்குப் போடணும். அவர் கணக்கெல்லாம் தௌவுலதான். ஒரு தௌன்னா அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சதுல ஒண்ணு. உங்க தலைமுடியோட கனம் ரெண்டு மூணு தௌ இருக்கும். இறுக்கமா அடிச்சு ஏத்தற புஷ்ஷுக்கு, ஓட்டையைவிட அங்குலத்துக்கு ஒரு தௌ பெரிசா கடையணும். அதிகம் வெச்சா அடிக்கும்போது புஷ் நசுங்கும். கம்மியா வெச்சா ரெண்டு நாள்ல சுத்த ஆரம்பிச்சு ஓட்டையையே தின்னுடும்.

இன்னொரு சிக்கல் மரை. சீமையில விட்வொர்த்துன்னு ஒருத்தர் 1841லயே நட்டு போல்ட்டு மரைக்கு ஒரு அளவு வெச்சார், கோணம் 55 டிகிரி. உலகப்போர் முடிஞ்சதும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணு நாடும் சேர்ந்து பொதுவா 60 டிகிரி மரை கொண்டுவந்தாங்க. நம்ம நாடு 1956ல சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறுச்சு. ஆனா மாறினது சட்டம்தான், வண்டிங்க மாறல. ஒரே பழைய டிராக்டர்ல அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கும். கண்ணுக்கு ஒண்ணா தெரியும். ரெண்டு சுத்து ஏறும், அப்புறம் பிடிக்கும். விவரம் இல்லாதவன் ஸ்பானரைப் போட்டு முறுக்கினா போல்ட்டும் போச்சு, ஓட்டையும் போச்சு. மேஸ்திரியோட லேத்து அங்குல லேத்து. அதுல மில்லிமீட்டர் மரை போடறதுக்குன்னே ஒரு பல்சக்கரம் தனியா ஆணியில தொங்கும். அதுக்கு 127 பல்லு. ஏன் 127ன்னு நான் ஒருநாள் கேட்டேன். "ஒரு அங்குலம் 25.4 மில்லி. அஞ்சு அங்குலம் எவ்வளவு?"ன்னார். மனசுலயே போட்டுப் பார்த்தேன், 127. பத்தாவதுல கணக்குல பார்டர்ல பாஸ் பண்ணவன் நான், அன்னைக்குத்தான் பின்னம்னா என்னன்னு புரிஞ்சுது. எங்க மாஸியில இருக்கிற மூணு சிலிண்டர் எஞ்சின்ல பிஸ்டன் ஏறி இறங்கற தூரமும் அஞ்சு அங்குலம்தான். அதே 127 மில்லி.

இதெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு. ஊர்ல எங்க வீட்டுப் பின்னாடி ஒரு உலை போட்டேன். கரி அடுப்பு, சைக்கிள் வீல்ல பட்டை மாட்டி ஓட்டற துருத்தி, தண்டவாளத்துண்டு ஒண்ணு பட்டடைக்கு. ஆரம்பத்துல கல்டிவேட்டர் கொழுதான் அடிச்சேன். அதுக்குத் துறைமுகத்துக்குப் போற லாரிங்களோட உடைஞ்ச ஸ்பிரிங் பட்டைதான் தோது. எண்ணூர், மாதவரம் பழைய இரும்புக் கடையில எடை போட்டு வாங்குவோம். டன் கணக்குல சரக்கைத் தூக்கின பட்டை எங்க கழனியில கொழுவா மண்ணைக் கிளறும். கடைக் கொழுவுக்குக் குறையாம உழைச்சுது. ஊர்ல நாலு பேர் கேட்டு வாங்கினாங்க. போதாதா?

இங்கே டிராக்டர் எப்படி ஏர் பிடிக்குதுன்னு கொஞ்சம் சொல்லணும், அப்பதான் மேல நடந்தது புரியும். அந்தக் காலத்து டிராக்டர், மாடு வண்டியை இழுக்கிற மாதிரி, ஏரைப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போகும். ஏர் வேர்லயோ கல்லுலயோ மாட்டிக்கிட்டா முன்சக்கரம் தூக்கும், வண்டி மல்லாந்து ஓட்டறவர் மேலயே விழும். அப்படிச் செத்தவங்க எல்லா நாட்டுலயும் உண்டு. அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன் 1920கள்ல இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சார். கீழே ரெண்டு கை, மேலே ஒரு கை, மூணு இடத்துல ஏரை வண்டியோட பிணைக்கிறது. ஏர் மாட்டினா மேல் கை வண்டியை முன்பக்கமா அமுக்கும், மல்லாக்காது. அவரோட சாம்பல் நிற சின்ன டிராக்டர் 1946லிருந்து 1956 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல ஓடி வந்துச்சு. 1953ல மாஸி ஹாரிஸ் கம்பெனியோட சேர்ந்ததுலதான் மாஸி ஃபெர்குசன்ங்கற பேரே வந்துச்சு. இன்னைக்கு எந்தக் கம்பெனி டிராக்டரா இருந்தாலும் பின்னாடி இருக்கிறது அவர் கணக்குப் போட்ட அந்த முக்கோணம்தான்.

அந்த மேல் கையை ஏரோட பிடிச்சிருக்கறது ஒரே ஒரு பின். 19 மில்லி கனம். உங்க கட்டைவிரல் அளவு.

1993, நவரை நடவுக்கு முன்னாடி. அந்தப் பின் தேய்ஞ்சு லொடலொடன்னு ஆடுச்சு. ராயபுரம் போக ஒரு நாள் ஆகும், கடையில வாங்கினா காசு. பழைய இரும்புக் கடையில ஒரு லாரி ஆக்ஸில் துண்டு கிடைச்சுது. பொன்னேரியில ஒரு லேத்துல 19 மில்லிக்குக் கடைஞ்சு வாங்கி வந்தேன். அளவு கச்சிதம். அதோட விட்டிருந்தா அது இன்னைக்கு வரைக்கும் ஓடியிருக்கும். "இன்னும் பலமா இருக்கட்டும்"னு உலையில போட்டு வெள்ளை வெளேர்னு காய்ச்சி, எடுத்துத் தொட்டித் தண்ணியில முக்கினேன். சொய்ங்குன்னு சத்தம். அரத்தைப் போட்டா ஒரு கீறல் விழல, வழுக்கிட்டுப் போச்சு. நைனாகிட்ட காட்டி மார்தட்டினேன்.

மூணாம் நாள். கல்டிவேட்டரைத் தூக்கிக்கிட்டு வரப்பைத் தாண்டறேன். தம்பி பின்னாடி நடந்து வர்றான், பதினேழு வயசு. வண்டி வரப்புல இறங்கி ஒரு குலுக்கு குலுக்குச்சு. டக்குன்னு ஒரு சத்தம், சாக்பீஸ் உடையற மாதிரி. பின் ரெண்டாப் போச்சு. மேல் கை விட்டதும் கல்டிவேட்டர் அப்படியே பின்பக்கமா கவுந்து, கொழு அவன் இடது கால்ல இறங்குச்சு. நான் என் கையால அடிச்ச கொழு.

ரெண்டு விரல் போச்சு. பொன்னேரியில கட்டுப் போட்டு, அப்புறம் மெட்ராஸ்ல பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் நைனா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல.

உடைஞ்ச ரெண்டு துண்டையும் எடுத்துக்கிட்டு மேஸ்திரிகிட்ட போனேன். எதுக்குப் போனேன்னு இன்னைக்கும் தெரியல, திட்டு வாங்கத்தான் போயிருப்பேன். அவர் திட்டல. உடைஞ்ச முகத்தை வெளிச்சத்துல பிடிச்சுக் காட்டினார். உள்ளே கல் உப்பு மாதிரி பெரிய பெரிய மணி, பளபளன்னு. "பாரு தம்பி, அளவு சரியாத்தான் இருக்கு. நீ செஞ்சது பின்னு இல்ல, கண்ணாடி"ன்னார். ரொம்பக் காய்ச்சினா இரும்போட மணி பெருத்துடும். தண்ணியில முக்கினா கெட்டியாகும், ஆனா கெட்டி வேற, உறுதி வேற. தோய்ச்சல் கொடுத்த இரும்பைத் திரும்ப இளஞ்சூட்டுல காட்டணும். மெருகு ஏத்தின பக்கத்துல முதல்ல வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் நாவல்பழ நிறம், அப்புறம் மயில்கழுத்து நீலம். உளிக்கு வைக்கோல்ல நிறுத்தணும், ஸ்பிரிங்குக்கு நீலம் வரைக்கும் விடணும். அந்த நீலத்துக்கு நான் அதைக் கொண்டுபோயிருந்தா அது வளைஞ்சிருக்கும், உடைஞ்சிருக்காது. எவ்வளவு காய்ச்சணும்ங்கறதுக்கும் வழி சொன்னார். ஒரு காந்தத்தைப் பக்கத்துல காட்டிக்கிட்டே இரு, காந்தம் ஒட்டாம எப்போ விடுதோ, அதுக்கு மேல கொஞ்சம், அவ்வளவுதான். இரும்பு 770 டிகிரி பக்கம் போனா காந்தத்துக்கு மசியாதுன்னு பிற்பாடு தெரிஞ்சுக்கிட்டேன். மேஸ்திரிக்கு டிகிரி எல்லாம் தெரியாது.

சாணைக்கல்லுல பொறி பார்க்கறதும் அன்னைக்குத்தான் காட்டினார். திருவொற்றியூர்ல செஞ்ச கல்லு. சாதா இரும்பை வெச்சா நீளமா, மஞ்சளா கோடு கோடாப் பறக்கும். ஸ்பிரிங் பட்டையை வெச்சா நுனியில கம்பி மத்தாப்பு மாதிரி பூப்பூவா வெடிக்கும். வார்ப்பு இரும்புன்னா சிவப்பா, குட்டையா விழும். பழைய இரும்புக் கடையில எந்தத் துண்டு என்ன இரும்புன்னு எழுதியா வெச்சிருக்கான்? பொறிதான் அதுக்கு ஜாதகம்.

கிளம்பும்போது, "உன் தம்பியை அனுப்பு"ன்னார். நொண்டிக்கிட்டு சேத்துல இறங்க முடியாதவன் வீட்டுல உட்கார்ந்து என்ன பண்ணப் போறான்னு அவர் யோசிச்சிருக்கணும். தம்பி ஏழு வருஷம் அந்தப் பட்டறையில இருந்தான். காலையில ரயில்ல போய் ராத்திரி வருவான். முதல் ஒரு வருஷம் அரம் மட்டும்தான் கொடுத்தாராம். ஒரு இரும்புக் கட்டியை ஆறு பக்கமும் மட்டமா ராவறது, அவர் மூலைமட்டம் வெச்சு வெளிச்சம் தெரியுதான்னு பார்க்கறது, தெரிஞ்சா திரும்ப ராவறது. அங்கே டிராக்டர் சாமானைவிட புல்லட் சாமான்தான் நிறைய வரும்பான். ரெண்டும் அங்குல மரை, ரெண்டும் கனத்த இரும்பு, ரெண்டு வண்டிக்காரனும் விக்க மனசில்லாதவன்.

2003ல தம்பி ஒரு பழைய நாலரை அடி லேத்து வாங்கி எங்க மாட்டுக் கொட்டகையில போட்டான். பம்புசெட்டு இலவச கரண்டுல லேத்து ஓட்டக் கூடாது, அதுக்குத் தனி இணைப்பு வாங்கி பில் கட்டறோம். சுத்துப்பட்டு இருபது ஊர்லருந்து வர்றாங்க. ஃபோர்டு, எச்.எம்.டி. ஜீட்டர், ஐஷர்னு எல்லா வண்டி சாமானும் எங்க மாட்டுக்குப் பக்கத்துல கிடக்கும். மடிப்பாக்கத்து சாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான். ஆமா சார், வீட்டுலதான்.

இது நம்ம ஊர் ஏழ்மைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. போலந்துல கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலத்துல மலைநாட்டு விவசாயிங்க பழைய லாரி, ஜீப் சாமானை வெச்சு டிராக்டரையே சொந்தமா செஞ்சுக்கிட்டாங்க. யாழ்ப்பாணத்துல 1990கள்ல எரிபொருள், பேட்டரி எதுவும் போகாம தடை போட்டிருந்த சமயம், நம்மாளுங்க சொட்டு பெட்ரோல்ல எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெய்ல வண்டி ஓட்டினாங்க. அங்கே ஆஸ்டின் ஏ-40யும் ஓடுச்சு, எண்ணூர்ல முதல்ல பூட்டின அதே கார். அவங்க பட்டறைக்காரங்க அதுக்கு என்னென்ன செஞ்சு போட்டிருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு அந்த ஊருக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கணும்னு இருக்கு. அமெரிக்காவுல கதை வேற மாதிரி. அங்கே புது டிராக்டருக்குள்ள கம்ப்யூட்டர், அதைத் திறந்து ரிப்பேர் பண்ற உரிமை எங்களுக்கு வேணும்னு விவசாயிங்க சண்டை போடறாங்க. 2023ல கொலராடோ மாநிலத்துல அதுக்குன்னு சட்டமே வந்துச்சு. எங்க மாஸியில எந்தப் பூட்டும் கிடையாது. 14 நம்பர் ஸ்பானர் இருந்தா... இல்ல, அதுவும் அங்குல ஸ்பானர்தான் வேணும்.

ஆனா தம்பி செய்ய மாட்டேன்னு திருப்பி அனுப்பற சாமானும் உண்டு. பிரேக் சம்பந்தப்பட்டது, ஸ்டீயரிங் கை, ஹைட்ராலிக் பம்புக்குள்ள போறது. எவ்வளவு கெஞ்சினாலும், எவ்வளவு காசு கொடுத்தாலும் தொட மாட்டான். "அண்ணே, கடையில வாங்கிப் போடுங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிடுவான். மேல் லிங்க் பின்னும் அந்தப் பட்டியல்ல இருக்கு. அதைச் செய்யத் தெரியாம இல்ல.

மேஸ்திரி பட்டறை இப்போ இல்ல. கட்டடத்துக்காரங்க இடத்தை வித்துட்டாங்க, அவருக்கும் கண்ணு மங்கிடுச்சு, பையன் வேற வேலைக்குப் போயிட்டான். எங்களுக்குச் சேதி தெரிஞ்சு தம்பி ஓடறதுக்குள்ள அந்த லேத்தை கேஸ் கட்டிங் வெச்சுத் துண்டு துண்டா வெட்டி எடைக்குப் போட்டுட்டாங்க. தம்பிக்கு அன்னைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. ஆணியில தொங்கின சக்கரங்களை மட்டும் மேஸ்திரி ஒரு சாக்குல கட்டி எடுத்து வெச்சிருந்தார். 127 பல்லுச் சக்கரம் அதுல இருந்துச்சு. எங்க லேத்துத் தண்டுக்கு அதோட ஓட்டை பொருந்தாது. புஷ் போட்டுப் பொருத்திக்கலாம், தம்பிக்கு அது அரை மணி நேர வேலை. இன்னும் போடல. கொட்டகைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சிருக்கான்.

அந்தச் சந்துகள்ல இப்பவும் லேத்து சத்தம் கேக்கும், ஆனா குறைவு. புது டிராக்டர் வாங்கறவன் அஞ்சாறு வருஷத்துல மாத்திடறான். கம்பெனி சாமான் ஆன்லைன்ல வீட்டுக்கே வருது. அது நல்லதுதான், நான் குறை சொல்லல. கம்ப்யூட்டர் லேத்துல கடையற பின், தம்பி கடையறதைவிட சுத்தமா இருக்கும், அதை அவனே ஒத்துக்குவான். பொறி பார்த்து இரும்பு சொல்ற ஆளு மட்டும் எங்க சுத்துவட்டாரத்துல இப்போ எனக்குத் தெரிஞ்சு மூணு பேர். அதுல ஒருத்தருக்கு எழுபது தாண்டிடுச்சு.

மடிப்பாக்கத்துப் பையன் உட்கார்ந்து பார்த்தானே, அன்னைக்கே வண்டி முன் ஆக்ஸில்ல நடு பின் புஷ் போயிருந்துச்சு. கையால ஆட்டினாலே தெரியும். நேத்து தம்பி கன்மெட்டல் துண்டு ஒண்ணுல புதுசு கடைஞ்சான், நான் பக்கத்துல நின்னு எண்ணெய் ஊத்தினேன். அளந்து பார்த்துட்டு, "ரெண்டு தௌ கூட இருக்கு"ன்னு திரும்ப மாட்டினான். இன்னைக்கு அடிச்சு ஏத்தியாச்சு. ஆக்ஸிலைத் தூக்கி மாட்டணும், அதுக்கு ரெண்டு ஆள் வேணும், பக்கத்து வீட்டுப் பசங்க சாயங்காலம் வர்றேன்னிருக்காங்க. வாய்க்கால்ல தண்ணி வந்தா வெள்ளிக்கிழமை சேடை.